ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங்: நீச்சல் தெரியாதவர் முதல் அனுபவசாலி வரை

அந்தமான் பேக்கேஜ்களில் பெரும்பாலும் "ஸ்கூபா டைவிங்" என்று ஒரு வரி இருக்கும். ஐந்து நாள் ஓட்டத்துக்கு நடுவே ஒரு காலை நேரத்தில் அவசரமாகக் கடலுக்குள் இறக்கி, இரண்டு படம் எடுத்து, அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அந்தக் கடலுக்கு அது போதவே போதாது. டைவிங்கை நடுவில் வைத்து, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்தால் அதே தீவு வேறு மாதிரி திறந்துகொள்ளும். அதற்கான வழியை முதல் முறை போகிறவர்களை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன். ஏற்கெனவே டைவ் செய்தவர்களுக்கும் நடுநடுவே விஷயம் இருக்கிறது.

ஹேவ்லாக், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. 2018-ல் இதற்கு சுவராஜ் துவீப் என்று பெயர் மாற்றினார்கள். 2024-ல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன; டிக்கெட்டில் புதிய பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

படி 1: உங்கள் நிலை எது?

நீச்சல் தெரியாது, கடலுக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு டிஸ்கவர் ஸ்கூபா டைவ் இருக்கிறது. வயது 10 ஆகியிருக்க வேண்டும். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். முதல் முறை அதில் பாதிக்குப் போனாலே நிறைவாக இருக்கும். பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே வருவார். சான்றிதழ் படிப்பு கிடையாது.

டைவிங்கை முறையாகக் கற்க வேண்டும் என்றால் ஓப்பன் வாட்டர் படிப்பு. பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, அப்புறம் கடலில் நான்கு டைவ். இதற்கு மூன்று நான்கு நாட்கள் ஒதுக்குங்கள். முடித்தால் 18 மீட்டர் வரை இன்னொரு டைவருடன் சேர்ந்து இறங்கத் தகுதி கிடைக்கும். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு டைவிங் பயிற்சி நிறுவனங்களின் சான்றிதழ் அட்டைகள்தான் அதிகம் புழங்குகின்றன. இரண்டையும் உலகெங்கும் ஏற்றுக்கொள்வார்கள், எதை எடுத்தாலும் சரிதான். இந்தப் படிப்புக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். பாடி முறையில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை. பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும்.

என் கருத்து இதுதான்: நீச்சல் தெரியாமல் டிஸ்கவர் டைவ் செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டால் அனுபவமே வேறு. முகம் தண்ணீருக்குள் போனவுடன் வரும் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும். கடலுக்குள் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தைப் பயத்தை அடக்குவதில் செலவழிக்காமல் மீன்களைப் பார்ப்பதில் செலவழிக்கலாம்.

ஓப்பன் வாட்டர் அட்டை ஏற்கெனவே இருக்கிறதா? அடுத்தது அட்வான்ஸ்டு. ஐந்து டைவ், அதில் ஆழ டைவும் திசையறிதலும் கட்டாயம், 30 மீட்டர் வரை போகலாம். ஹேவ்லாக்கின் பெயர்பெற்ற இடங்கள் பலவும் 18 மீட்டருக்குக் கீழேதான் இருப்பதால் இந்தத் தீவில் அட்வான்ஸ்டு செய்வதற்கு நல்ல பலன் உண்டு. அட்டை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீருக்குள் போகவில்லை என்றால் முதலில், கற்றதை நினைவுபடுத்தும் ஒரு ரெஃப்ரெஷர் டைவ் செய்யுங்கள்.

படி 2: உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்

டைவ் சென்டரில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை, நுரையீரல் பிரச்சினை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். "இல்லை" என்று மளமளவென டிக் அடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எதற்காவது "ஆம்" என்று வந்தால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். அதனால் படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி, ஊரிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது.

சளி பிடித்திருந்தால் அன்று டைவ் வேண்டாம். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டு இறங்குவதும் ஆபத்து. மருந்தின் வேகம் கடலுக்கடியில் குறைந்தால் காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், மேலே வரும்போது கடும் வலி எடுக்கும்.

படி 3: நாட்களைக் கணக்குப் போடுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை போகலாம். கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, படகுகள் ரத்தாவது சகஜம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு அரசுப் படகும் தனியார் படகுகளும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். சீசனில் படகு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விமானம் பதிவு செய்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு ஹேவ்லாக் போகத் தனி அனுமதி தேவையில்லை.

இப்போது முக்கியமான கணக்கு. டைவ் செய்தபின் உடனே விமானம் ஏறக் கூடாது. தண்ணீருக்கடியில் அழுத்தத்தால் உடலில் கூடுதலாகக் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் அழுத்தம் குறைந்தால் அது குமிழிகளாகி மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் எல்லோருக்கும் 24 மணி நேரம் என்றே சொல்வேன். ஆக, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் போர்ட் பிளேரில் இருக்கட்டும். செல்லுலார் சிறையை நிதானமாகப் பார்க்க அந்த நாள் உதவும்.

டிஸ்கவர் டைவுக்கு ஹேவ்லாக்கில் இரண்டு இரவு போதும். ஓப்பன் வாட்டர் என்றால் ஐந்து இரவு. பாடப் பகுதியை ஆன்லைனில் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போனால் தீவில் ஒரு நாள் மிச்சமாகும்.

படி 4: டைவ் சென்டரிடம் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். டிஸ்கவர் டைவுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஓப்பன் வாட்டர் படிப்புக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேலேயே எதிர்பாருங்கள். அதில் எது அடக்கம், எது தனி என்பது சென்டருக்குச் சென்டர் மாறும். கேட்க வேண்டியவை: எனக்கென்று தனிப் பயிற்றுநரா, அல்லது ஒருவருக்கு எத்தனை பேர்? தண்ணீருக்குள் எவ்வளவு நேரம்? கடலுக்கு முன் ஆழமில்லாத இடத்தில் பயிற்சி உண்டா? படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறீர்களா? விபத்து நேர்ந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? கடைசி இரண்டு கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

மொழியையும் பாருங்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய. ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளக் குடும்பங்கள், டைவ் சென்டர்களில் ஆங்கிலமும் இந்தியும்தான் அதிகம். வீட்டுப் பெரியவர்களோ பிள்ளைகளோ டைவ் செய்வதாக இருந்தால் தமிழ் பேசும் பயிற்றுநர் கிடைப்பாரா என்று முன்பே கேளுங்கள். பாதுகாப்பு விளக்கத்தைப் பாதி புரிந்துகொண்டு யாரும் தண்ணீருக்குள் போகக் கூடாது.

கண்ணாடி அணிபவர்கள் பவர் வைத்த மாஸ்க் உண்டா என்று கேட்கலாம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விபத்துக்கு இழப்பீடு கிடையாது, அந்த வரியையும் படித்துவிடுங்கள்.

படி 5: தண்ணீருக்குள்

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடியும், ஐந்து மணி வாக்கில் வெளிச்சம் வந்துவிடும். டைவ் படகுகளும் காலையிலேயே கிளம்பும். முந்தின இரவு மது வேண்டாம். காலையில் இரண்டு இட்லி அளவுக்கு லேசாகச் சாப்பிட்டால் போதும். படகு குமட்டும் என்றால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரை எது என்று மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போடுங்கள்.

தண்ணீரின் சூடு 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும், உடலை ஒட்டிய மெல்லிய வெட்சூட் உடை போதும். முதுகில் சிலிண்டர், அதைத் தாங்கும் பிசிடி என்ற காற்றடைக்கும் ஜாக்கெட், வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர், இடுப்பில் எடை, காலில் ஃபின் என்ற துடுப்பு. கரையில் கனக்கும், தண்ணீருக்குள் அந்தக் கனம் தெரியாது.

கற்க வேண்டியது நான்கே விஷயம்.

முதலாவது மூச்சு. எக்காரணம் கொண்டும் அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது. அதனால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவது முதல் இரண்டு நிமிடம் விசித்திரமாக இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை இடுப்பளவு நீரிலேயே கழித்துவிடுங்கள், பயிற்றுநர் அவசரப்படுத்தினாலும் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது காது. டைவை நடுவில் விட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் காது வலியால்தான் வருகிறார்கள். மூக்கை இரண்டு விரலால் மூடி, வாயை மூடியபடி மென்மையாக மூக்கு வழியே ஊதுங்கள். காதுக்குள் "டப்" என்று திறக்கும். இதை வலி வந்தபின் செய்தால் பலிக்காது. தலை முங்கியவுடனே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை செய்துகொண்டே போங்கள். அழுத்த மாற்றம் மிகக் கடுமையாக இருப்பது முதல் 10 மீட்டரில்தான். திறக்கவில்லை என்றால் பயிற்றுநருக்குக் காதைச் சுட்டிக்காட்டி, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். முக்கி ஊதக் கூடாது, செவிப்பறை கிழிந்துவிடும்.

மூன்றாவது மாஸ்க். உள்ளே தண்ணீர் புகுந்தால் பயப்பட வேண்டாம். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியே வெளியேறிவிடும்.

நான்காவது சைகை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் "மேலே போகலாம்" என்று பொருள். சந்தோஷத்தில் அதைக் காட்டினால் உடனே உங்களை மேலே கூட்டி வந்துவிடுவார்கள். எல்லாம் நலம் என்றால் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். என்ன என்பதை அடுத்துச் சுட்டிக்காட்டுங்கள்.

அப்புறம், எதையும் தொடாதீர்கள். லயன் ஃபிஷ், கல்மீன் இரண்டின் முட்களிலும் விஷம் உண்டு. கல்மீன் பாறை போலவே அசையாமல் கிடக்கும். நாம் கால் வைப்பதால் பவளத்துக்கு வரும் சேதமோ இன்னும் பெரிது. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. அதிலிருந்து மீண்டுகொண்டிருந்த பாறைகளையும் அடுத்தடுத்த வெப்ப அலைகள் தாக்கின. சில இடங்களில் உடைந்த பவளக் குவியலைப் பார்ப்பீர்கள். அதன் மேல் விரல் நீளத்துக்குப் புதிய கிளை ஒன்று வளர்ந்திருக்கும். ஒரு ஃபின் உதை போதும், அது போய்விடும்.

படி 6: எங்கே இறங்குவது?

முதல் முறை டைவுக்கு நீமோ ரீஃப் ஏற்ற இடம். கரையிலிருந்தே இறங்கலாம், மெல்லச் சரியும் மணல் தரை, கடல் சாமந்திகளில் கோமாளி மீன்கள். ஆனால் நேரத்தைக் கடலின் ஏற்றவற்றம் முடிவு செய்யும். தண்ணீர் உள்வாங்கினால் வெகு தூரம் நடக்க வேண்டும்.

ஓப்பன் வாட்டர் படிப்பவர்களுக்கு அக்வேரியம், லைட்ஹவுஸ். லைட்ஹவுஸில் இரவு டைவும் நடக்கும். தி வால் என்பது படிப்படியாக இறங்கி 50 மீட்டரையும் தாண்டிப் போகும் பாறைச்சுவர். மேல்பகுதியே அழகுதான், ஆழம் கூப்பிடும், அட்டை சொல்கிற வரம்பில் நின்றுகொள்ளுங்கள்.

அனுபவசாலிகளுக்கு டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார். இந்தப் பெயர்கள் எல்லாம் இங்கே டைவ் செய்த கரேன் இன டைவர்களுடையவை. கரேன் மக்கள் 1920-களில் பர்மாவிலிருந்து மத்திய அந்தமானின் மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்கள், கடலை நன்கு அறிந்தவர்கள். இந்த இடங்களில் சீலா மீன்களும் பாறை மீன்களும் கூட்டம் கூட்டமாகச் சுற்றும், பெரிய களவாய்களைப் பார்க்கலாம், திருக்கையும் வரும். நீரோட்டமும் இருக்கும். 18 மீட்டரில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இருக்க அனுமதிக்கும் பாடி அட்டவணை, 30 மீட்டரில் 20 நிமிடம்தான் தருகிறது. ஆகவே ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கையில் இருக்கட்டும். மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள், சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) காற்று மிஞ்சியிருக்க வேண்டும்.

படி 7: கரையேறிய பின்

நிறையத் தண்ணீர் குடியுங்கள். அன்று கடும் உடற்பயிற்சி வேண்டாம். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், தாங்க முடியாத சோர்வு, இவற்றில் எது வந்தாலும் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் டைவ் சென்டருக்கு உடனே சொல்லுங்கள். அறிகுறி மறுநாள் தெரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

டைவ் விவரத்தை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை வேறொரு தீவில் உங்களை எங்கே இறக்கலாம் என்று முடிவு செய்ய அதைத்தான் கேட்பார்கள்.

பெட்டியைக் கட்டும்போது ஒன்று. கரையில் கிடந்ததுதானே என்று பவளத் துண்டையும் சங்கையும் பிள்ளைகள் பைக்குள் போட்டிருப்பார்கள். பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பல சங்கு வகைகளும் அப்படித்தான். விமான நிலையத்தில் சோதனை உண்டு. ஹேவ்லாக்கை விட்டுப் படகு ஏறும் முன்பே பைகளைத் திறந்து பார்த்து, எடுத்த கடற்கரையிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.