மான் கடிக்கும் கன்றுகளுக்கு முட்டைக் கரைசல்

மலையடிவாரத் தோட்டங்களில் புள்ளிமான் இளங்கன்றின் நுனிக்குருத்தைக் கடித்துவிட்டால், அதற்குக் கீழே பக்கக்கிளைகள் பல வெடித்து, தண்டு நேராக உயராமல் புதராகிவிடும் என்பதால், முதல் கடி விழுவதற்கு முன்பே மானை விரட்டும் இந்த முட்டைக் கரைசலைத் தெளிக்கத் தொடங்க வேண்டும். தளிரின் சுவை பழகிய மானைத் திருப்புவது மிகக் கடினம்.

ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர், அதாவது ஏறக்குறைய 20 முட்டைக்கு 4 லிட்டர் என்ற அளவில் சேர்த்து நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள்கருவின் இருபுறமும் முறுக்கிய நூல்போல் ஒட்டியிருக்கும் வெண்ணிற இழைகளை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால், அவை தெளிப்பானின் முனையை அடைத்துவிடும். முட்டை அழுகும்போது எழும் கந்தக வாடையே மானை விலக்குகிறது. காய்ந்த பிறகு அது நமக்கு அவ்வளவாகத் தெரியாது, மானின் மூக்குக்கு எட்டும்.

மழையில்லாத நாளில், இலைகள் உலர்ந்திருக்கும்போது, நுனிக்குருத்தும் தளிர்களும் நனையும்படி ஆறடி உயரம் வரை தெளியுங்கள். மாதம் ஒருமுறையும் கனமழைக்குப் பின்னும் மீண்டும் தெளிக்க வேண்டும். புதுத்தளிர் விட்டாலும் அப்படியே, ஏனெனில் நேற்று விரிந்த இலையில் கரைசல் இருக்காது. கோடை வறட்சியில் பசித்த மான் வாடையைப் பொருட்படுத்தாது. அப்போது கன்றைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு வைப்பதே சரியானது.