ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் வேறு வேலை தேடுவது எப்படி?

வேறு வேலை தேடலாம் என்று முடிவெடுத்தவுடன் முதலில் கட்ட வேண்டியது வாயைத்தான். போன், லேப்டாப், லிங்க்ட்இன் எல்லாம் அப்புறம். பக்கத்து சீட்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் வரை அவரிடம் சொல்லாதீர்கள். அவர் போட்டுக்கொடுத்துவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. "அடுத்த ப்ராஜெக்டுக்கு அவரையே போடலாமா?" என்று மேனேஜர் உங்களைப் பற்றி அவரிடம் கேட்டால், அந்த நல்ல மனிதர் பதில் சொல்ல ஒரு நொடி தடுமாறுவார் இல்லையா, அது போதும். உங்களுக்காக அவர் மறைத்துப் பேச வேண்டியிருப்பது அவருக்கும் சங்கடம்தான். விஷயம் பரவிவிட்டால் நல்ல ப்ராஜெக்ட், ப்ரமோஷன் என்று வரும்போது 'இவர் எப்படியும் போகப்போகிறவர்' என்று ஒதுக்கிவிடுவார்கள், தேடிய வேலையும் அமையாமல் போனால் அதே இடத்தில் அதே ஆட்களோடு உட்கார வேண்டியிருக்கும். யாரிடமாவது மனம்விட்டுப் பேசியே ஆக வேண்டும் என்றால் ஆபீஸோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் பேசுங்கள்.

அடுத்தது லிங்க்ட்இன். வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' போடும்போது இதை யார் பார்க்கலாம் என்று கேட்கும். எல்லோரும் என்று கொடுத்தால் போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். ரெக்ரூட்டர்கள் மட்டும் என்று கொடுத்தால் வளையம் வராது. உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்கு அதைக் காட்டாமல் இருக்கப் பார்ப்போம் என்று லிங்க்ட்இன் சொல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்றும் அதுவே சொல்லிவிடுகிறது. ஆளுக்கு ஆள் பழக்கமுள்ள சின்ன துறையில் இருக்கிறீர்கள் என்றால் அதைத் தொடவே வேண்டாம், பிடித்த இடங்களுக்கு நீங்களே நேராக விண்ணப்பிப்பது நல்லது. ப்ரொஃபைலில் கை வைக்கும் முன் செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதிக்குப் போய், வேலை மாற்றங்களை மற்றவர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பல வருஷமாகத் தூசி படிந்து கிடந்த ப்ரொஃபைலை ஒரே ராத்திரியில் புதுசாக்கி, கூடவே டீமில் நாலு பேரிடம் ரெக்கமண்டேஷனும் கேட்டால், எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலை எதுவுமே வேண்டாம். இன்காக்னிட்டோ என்பது அந்த மெஷினின் ப்ரௌசரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஆபீஸ் நெட்வொர்க்கில் தெரிய வாய்ப்புண்டு, ஆபீஸ் வைஃபையில் இருக்கும் உங்கள் சொந்த போனுக்கும் இதே கதைதான், அதனால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: ஆபீஸ் லேப்டாப்பின் குரோமில் சொந்த கூகுள் கணக்கைப் போட்டு சிங்க் ஆன் செய்திருந்தால், வீட்டில் தேடியதெல்லாம் இங்கேயும் வந்து நிற்கும். மீட்டிங்கில் ஸ்க்ரீன் ஷேர் செய்துகொண்டு அட்ரஸ் பாரில் இரண்டு எழுத்து தட்டுகிறீர்கள், நேற்று ராத்திரி பார்த்த கம்பெனியின் கரியர்ஸ் பக்கம் கீழே வரிசையில் முதலாவதாக வருகிறது, மொத்த டீமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை இன்றே சைன் அவுட் செய்துவிடுங்கள். ஆபீஸ் பிரிண்டரில் ரெஸ்யூமே எடுப்பதும் வேண்டாம், பேப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாலும் ஃபைல் பெயர் பிரிண்ட் பதிவில் நிற்கலாம்.

கன்சல்டன்சி மூலம் தேடினால் ஒரு நிபந்தனை போடுங்கள்: எந்தக் கம்பெனிக்கு என்று சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் சில சமயம் அது உங்கள் கம்பெனி ஹெச்.ஆர். மேஜைக்கே வந்து சேரும். விண்ணப்பத்தில் இப்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள், இதில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரெஃபரன்ஸுக்குப் பழைய மேனேஜர்களின் பெயரைக் கொடுங்கள், விஷயம் ரகசியம் என்று அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்டர்வியூவைக் காலையில் முதல் வேளையாகவோ ஆபீஸ் முடிந்த பிறகோ கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் லீவ் போடுங்கள், காரணம் கேட்டால் "சொந்த வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கதை கட்டாதீர்கள், மறுநாள் அக்கறையோடு விசாரிக்கிறவர்களிடம் அந்தக் கதையைத் தொடர வேண்டியிருக்கும், அது அசிங்கம். தினமும் சாதாரணமாக வருகிறவர் திடீரென்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்தாலும் கண்ணில் படும், மாற்று உடை தனியாக இருக்கட்டும்.

யாராவது நேருக்கு நேர், "வேற எங்கயாவது பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டால்? இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாதீர்கள், நாளைக்கு அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும். "நல்லதா வந்தா யார்தான் வேண்டாம்னு சொல்வாங்க, இப்போ இந்த டெலிவரியை முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். நிஜமாகவே வேலையையும் பாருங்கள். பாதி மனசோடு வேலை செய்வதும், மேஜையில் இருக்கிற சாமானை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவதும்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

ஆஃபர் எழுத்தில் வந்து, சம்பளம், சேரும் தேதி எல்லாம் சரிபார்த்து, கையெழுத்தும் போட்ட பிறகு முதலில் மேனேஜரிடம் சொல்லுங்கள், அப்புறம் டீமிடம். லிங்க்ட்இனில் புது வேலையைப் போடுவது அங்கே சேர்ந்த பிறகு.