இருக்கை இருந்தால் போதுமா? டொமைன் பெயர் ஆளுகையில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 செப்டம்பரில் ஐகான் அமைப்பின் 75ஆவது பொதுக்கூட்டம் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்தது. உலகின் டொமைன் பெயர்களுக்கான, அதாவது இணையத்தள முகவரிகளுக்கான, விதிகளை வகுக்கும் அந்த அமைப்பு நம் நகருக்கே வந்திருந்தும், பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இணையத்தளம் நடத்தும் தமிழ்ச் சங்கத்தாரில் எனக்குத் தெரிந்த எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு காரணம் கேட்டபோது, "அங்கே நம் வட்டாரத்துக்கு ஆள் இருக்கிறார்களே" என்றார் ஒருவர். நாம் செய்யும் தவறுகளில் முதன்மையானது இந்த எண்ணம்தான்.

ஐகான் உலகை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. வாக்குரிமை உள்ள 16 இயக்குநர்களைக் கொண்ட அதன் வாரியத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் குறைந்தது ஓர் இடம் உண்டு. தலைமை நிர்வாகியைச் சேர்க்காமல், எந்த வட்டாரத்துக்கும் ஐந்து இடங்களுக்கு மேல் கிடையாது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நாம் அடங்கும் ஆசிய, ஆஸ்திரேலிய, பசிபிக் வட்டாரம் சவூதி அரேபியாவில் தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை நீள்கிறது. பசிபிக் நடுவிலுள்ள பிரெஞ்சுப் பொலினீசியாவோ, பிரான்சின் ஆட்சிப் பகுதி என்பதால், ஐரோப்பியக் கணக்கில் சேர்கிறது. இயக்குநர் எந்த வட்டாரத்தவர் என்பதை அவருடைய குடியுரிமையும் வசிப்பிடமும் முடிவு செய்கின்றனவே தவிர, அவர் பேசும் மொழியோ எழுதும் எழுத்தோ அல்ல. மேலும், இயக்குநர்கள் தங்கள் வட்டாரத்துக்காக வாதாட அனுப்பப்படுபவர்கள் அல்லர். அமைப்பு முழுவதன் நலனையும் கருதி முடிவெடுக்க வேண்டியவர்கள். ஆகவே வாரியத்தில் ஆசியர் ஒருவர் அமர்ந்திருப்பதாலேயே நம் குரலும் அங்கே ஒலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இருக்கை கிடைத்தால் பலனும் சமமாகக் கிடைத்துவிடாது என்பதற்கு 2012ஆம் ஆண்டின் கணக்கே சான்று. .com போல முகவரியின் இறுதியில் வரும் புதிய உயர்நிலைப் பெயர்களுக்கு அந்த ஆண்டு வந்த 1,930 விண்ணப்பங்களில் வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, நம் வட்டாரத்திலிருந்து 303, லத்தீன் அமெரிக்காவிலிருந்து 24, ஆப்பிரிக்காவிலிருந்து வெறும் 17. அப்போதும் ஐந்து வட்டாரத்தாரும் வாரியத்தில் இருந்தார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு அன்று 185,000 அமெரிக்க டாலர் கட்டணம் என்றால், அந்தக் கதவைத் தட்டக்கூடியவர்கள் யார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. எனவே பிரதிநிதித்துவத்தை அளக்க விரும்புவோர் இருக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல், கட்டணத்தையும் மொழியையும் கூட்டம் நடக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, குறையைத் தவறான வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது. சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டமொன்றில், ".இந்தியா, .சிங்கப்பூர், .இலங்கை மூன்றும் தமிழில் இருக்கும்போது .மலேசியா மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டு, ஐகானுக்கு அனுப்பக் கண்டனக் கடிதம் ஒன்றும் எழுதிவிட்டார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நாட்டுப் பெயரை ஒரு மொழியின் எழுத்துகளில் டொமைனாகப் பெறுவதற்கு, அந்த மொழி அந்நாட்டில் சட்டத் தகுதியோ நிர்வாக மொழி என்ற நிலையோ பெற்றிருக்க வேண்டும் என்பதும், கோரிக்கை அந்நாட்டுக்குள்ளிருந்தே எழுந்து அரசின் ஆதரவோடு வர வேண்டும் என்பதும் விதி. மலேசியாவுக்கு, மலாயை எழுதும் அரபு வழி எழுத்தான ஜாவி எழுத்தில் பெயர் கிடைத்தது இந்த வழியில்தான். ஐகான் தலைமையகம் உள்ள லாஸ் ஏஞ்சல்சுக்குக் கடிதம் எழுதினால், மரியாதையான பதில் வரும், பெயர் வராது. இங்கே பேச வேண்டியது .my பெயர்களை நிர்வகிக்கும் மைநிக் நிறுவனத்திடமும் அதற்குப் பொறுப்பான அமைச்சிடமும்தான்.

ஐகான் மீதான நம்பிக்கையைப் பொறுத்தவரை நாம் இரண்டு எல்லைகளில் போய் நிற்கிறோம். "எல்லாம் அமெரிக்காவின் பிடி" என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் ஒருபுறம். ஐகான் இன்றும் கலிபோர்னியச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்புதான். ஆனால் எல்லா உயர்நிலைப் பெயர்களும் அடங்கிய மூல வேர்ப்பட்டியலின் மீது அமெரிக்க அரசுக்கு ஒப்பந்த வழியாக இருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1ஆம் தேதியோடு முடிந்தது. "பெரிய அமைப்பு, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று கண்மூடி நம்புவோர் மறுபுறம். இவர்கள் .org விவகாரத்தை நினைவில் கொள்ள வேண்டும். நம் சங்கங்களும் அறவாரியங்களும் விரும்பி எடுக்கும் அந்தப் பெயர்களைப் பதிந்து நிர்வகிக்கும் பதிவகத்தை 113 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கவிருந்தது. 2019 இறுதியில் செய்தி வெளியானதும் உலகெங்கும் உள்ள தொண்டு அமைப்புகள் எழுதின, கேட்டன, விடாமல் எதிர்த்தன. கலிபோர்னிய அரசுத் தலைமை வழக்கறிஞரும் எச்சரித்தார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் வாரியம் ஒப்புதல் மறுத்தது. அன்று அந்தப் பெயர்களைக் காத்தது, எழுதியவர்களின் விடாமுயற்சி. அந்த ஆயிரக்கணக்கானோரில் நம் சங்கங்களும் இருந்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"இது தொழில்நுட்பக்காரர்களின் வேலை" என்று விலகிப்போவதும் தவறே. கௌ என்ற எழுத்தையும், க-வுக்கு முன் ஒற்றைக் கொம்பும் பின் ள-வும் போட்டு எழுதிய கெள என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. கௌரி என்ற பெயரில் ஒரு கடை தளம் வைத்திருந்தால், கெளரி என்று பதிந்து இன்னொருவர் அதே கடைபோல் நடித்து வாடிக்கையாளரின் பணத்தைப் பறிக்க இடமுண்டு. இத்தகைய எழுத்துகளை எப்படிக் கையாள்வது என்று தெற்காசிய எழுத்துகளுக்கான தன்னார்வ வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்தது. உயர்நிலைப் பெயர்களுக்கான தமிழ் விதிகள் பொதுக் கருத்துக் கேட்புக்குப் பின் 2019இல் வெளியாயின. இதில் கருத்துச் சொல்லப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தெரியாததா இது?

பங்கேற்பது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். ஐகான் கூட்டங்களுக்கு ஐ.நா.வின் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு உண்டு. மலாயும் இல்லை, தமிழும் இல்லை. உலகப் பொது நேரம் இரவு ஏழு மணிக்கு வைக்கும் இணையக் கூட்டம் நமக்கு விடியற்காலை மூன்று மணி. ஆனாலும் பொதுக் கருத்துக்கு விடப்படும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் பொதுவாக 40 நாள் அவகாசம் உண்டு; யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இணையப் பயனர்களுக்கான ஆசிய பசிபிக் வட்டார அமைப்பில் சங்கமாகவும் சேரலாம், தனி ஆளாகவும் சேரலாம். அனுப்பும்போது "மலேசியத் தமிழர் சார்பில்" என்று பெரிதாகத் தொடங்க வேண்டாம். யாரும் நமக்குத் தராத அந்த அதிகாரம் முதல் வரியிலேயே நம்பகத்தன்மையைக் குறைத்துவிடும். சங்கத்தின் பெயர், உறுப்பினர் எத்தனை பேர், எந்த விதியால் யாருக்கு என்ன சிக்கல் வருகிறது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். வந்த கருத்துகளைத் தொகுத்து வெளியிடும் அறிக்கையில் அந்தப் பக்கம் இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.