உறைந்த தேங்காய் எண்ணெயில் ஒரு காந்தச் சோதனை

இந்தச் சோதனைக்கு ஊட்டி வசதியான ஊர். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். இங்கே பகலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான். கோயம்புத்தூரில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டியிருக்கும். எண்ணெயின் இந்தக் குணத்தை வைத்தே, அதில் இரும்புத் தூளைக் கலந்து, காந்தப்புலம் ஒரு கலவைப் பொருளின் மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறனை, எப்படி மாற்றுகிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் மின்தேக்கி (கெப்பாசிட்டர்). 5 செ.மீ. சதுரத்தில் இரண்டு செம்புத் தகடுகள் எடுங்கள். உட்பக்கம் செல்லோடேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இரும்புத் தூள் இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆகிவிடும். நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு, மூன்று பக்கமும் க்ளூ கன்னால் அடைத்துவிடுங்கள். இரும்புத் தகடு வேண்டாம், காந்தப்புலத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். காலியாக இருக்கும்போது, மின்தேக்குத்திறனை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் சுமார் 7 பிக்கோ ஃபாரட் காட்ட வேண்டும். ஓரங்களாலும் ஒயர்களாலும் கொஞ்சம் கூடுதலாக வரலாம்.

அடுத்து, தூள் எதுவும் போடாமல், உருக்கிய எண்ணெயை மட்டும் ஊற்றி அளவிடுங்கள். மீட்டர் காட்டும் அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். இப்போது காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நியோடிமியம் காந்தத்தின் மேல்பூச்சு உலோகம். அது அருகில் வந்தாலே மீட்டர் அசையும். அந்த அசைவு எவ்வளவு என்று குறித்து வைத்தால்தான் பின்னால் வருவதை நம்ப முடியும். பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் அளக்காமல் இருப்பதும் நல்லது. தகடுகளின் ஓரத்தில் படியும் ஈரம் மின்சாரத்தைக் கசியவிடும்.

சரி, இனி கலவை. பத்து ஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் இரும்புத் தூள். நன்றாகக் கலக்கி ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சட்டென்று உறையவிடுங்கள். உறைந்ததும் தகடுகளுக்கு இரு புறமும் ஒவ்வொரு காந்தமாக, எதிர் முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். ஒரே காந்தம் என்றால், பின்னால் எண்ணெய் உருகியிருக்கும்போது தூள் முழுவதும் அந்தப் பக்கமே போய்விடும். உறைந்த நிலையில் மீட்டர் காட்டும் அளவு பெரிதாக மாறாது.

இப்போது காந்தங்களை எடுத்துவிட்டு, வெந்நீரில் வைத்து உருக்கி, மறுபடி கலக்குங்கள். காந்தங்களைப் பழைய இடத்தில் வைத்தே உறையவிடுங்கள். துகள்கள் காந்தப்புலத்தின் திசையில் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். உறைந்தபின் காந்தங்களை அகற்றினாலும் மின்தேக்குத்திறன் முன்பைவிட உயர்ந்தே நிற்கும். இரும்பு ஒரு கடத்தி. தகடுக்குத் தகடு நீளும் சங்கிலியில், துகள்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் மின்புலம் குவிகிறது; அதனால்தான் இந்த உயர்வு. காந்தங்களைத் தகடுகளுக்கு இணையான திசையில் வைத்து உறையவிட்டால் சங்கிலிகள் படுத்துக்கிடக்கும். அந்த உயர்வு கிடைக்காது.

அப்படியானால் மாறியது என்ன? எண்ணெயும் மாறவில்லை, இரும்பும் மாறவில்லை. துகள்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே மாறியது.

துகள் நகர முடியாத சில திடப்பொருள்களிலும் காந்தத்தால் மின்தேக்குத்திறன் மாறும், ஆனால் வேறு வழியில். கடத்தும் பகுதியும் கடத்தாத பகுதியும் சந்திக்கும் எல்லையில் மின்னூட்டம் தேங்கும். இதை மேக்ஸ்வெல்–வாக்னர் விளைவு என்பார்கள். காந்தப்புலம் கடத்தும் பகுதியின் மின்தடையை மாற்றினால், தேங்கும் வேகம் மாறி, மின்தேக்குத்திறனே மாறியதுபோல் மீட்டர் காட்டும். காந்தத்தையும் மின்முனைவாக்கத்தையும் (பொருளுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகுவதையும்) நேரடியாக இணைக்கும் பண்பு பொருளில் இல்லாமலேயே இது வரலாம் என்று 2006-இல் இயற்பியலாளர் குஸ்தாவ் கத்தலான் எடுத்துக்காட்டினார். காந்தத்தன்மையே இல்லாத கலவைகளிலும் வரலாம் என்று இயற்பியலாளர்கள் மீரா பாரிஷும் பீட்டர் லிட்டில்வுட்டும் 2008-இல் கணித்தார்கள்.

அதனால் எந்தப் பொருளை அளந்தாலும் 100 ஹெர்ட்ஸில் ஒருமுறை, 100 கிலோ ஹெர்ட்ஸில் ஒருமுறை அளந்துவிடுங்கள். காந்தத்தால் வந்த மாற்றம் தாழ்ந்த அதிர்வெண்ணில் பெரிதாக இருந்து, உயர்ந்ததில் மறைந்து, ஆற்றல் இழப்பைக் காட்டும் மீட்டரின் ‘டி’ மதிப்பும் கூடவே அதிகமாக இருந்தால், முதலில் எல்லையில் தேங்கும் மின்னூட்டத்தைச் சந்தேகியுங்கள்.