காரவனுக்கு ஏ.சி.: எதை வாங்குவது, எப்படிப் பேணுவது

காரவனுக்கு (காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஏ.சி. வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எத்தனை பி.டி.யு.?" என்றுதான் (பி.டி.யு. என்பது குளிர்விக்கும் திறனின் அளவு). காரவன் எங்கே நிற்கும், அங்கே மின்சாரம் எப்படி வரும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் டிசம்பர் கோடை விடுமுறைக்கு ஸ்காட்பர்க், மார்கேட் என்று தென்கரைக்குப் போகும். சிலர் க்ரூகர் வனவிலங்குப் பூங்கா வரை இழுத்துப் போவார்கள். கடற்கரையில் வெயில் 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆளை வாட்டுவது காற்றிலுள்ள ஈரம். க்ரூகரிலோ கோடைப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது.

உள்நீளம் 5 மீட்டருக்குள் உள்ள காரவனுக்கு 1.7 கிலோவாட், அதாவது சுமார் 5,800 பி.டி.யு. குளிர்த்திறன் போதும். 5 முதல் 6 மீட்டர் வரை 2.2 கிலோவாட் (7,500 பி.டி.யு.), அதற்கு மேல் 2.5 முதல் 3 கிலோவாட். க்ரூகர்தான் உங்கள் வழக்கமான இடம் என்றால் ஒரு படி கூட்டுங்கள். கடற்கரைக்காரர்கள் கூட்டவே வேண்டாம். அளவுக்கு மீறிய ஏ.சி. பத்து நிமிடத்தில் காற்றைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. உள்ளே 22 டிகிரி காட்டும், படுக்கை விரிப்போ பிசுபிசுக்கும். விலை சற்றுக் கூடினாலும் இன்வெர்ட்டர் வகைக் கம்ப்ரெஸர் இங்கே கைகொடுக்கும். அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு விடாமல் ஓடுவதால் ஈரம் வடிந்துகொண்டே இருக்கும்.

கூரையில் வைப்பதா, இருக்கைக்கு அடியில் வைப்பதா? கூரை ஏ.சி. 25 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். வண்டியின் தகட்டில் உள்ள டேர் எடையை (காலி வண்டியின் எடை) ஜி.வி.எம்.-இலிருந்து (பாரத்தோடு வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை) கழித்தால்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் தெரியும், ஏ.சி.யின் எடை அதிலிருந்துதான் போகும். உச்சியில் எடை ஏறினால் பக்கக்காற்றில் ஆட்டமும் கூடும். இருக்கைக்கு அடியில் வைப்பதில் ஆட்டம் குறைவு, ஆனால் பெட்டி இடம் போய்விடும், குழாய் ஓட்டும் வேலையும் அதிகம். குளிர்ந்த காற்று மேலிருந்து கீழிறங்குவது இயல்பு என்பதால் கூரை வகையே சீக்கிரம் குளிரும். ஒற்றைக் குழாய் வைத்த நகர்த்தும் ஏ.சி.யை வாங்காதீர்கள். அது உள்ளிருக்கும் காற்றையே வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிச்சூடு ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் உள்ளே வரும்.

மின்சாரத்துக்கு வருவோம். கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. பெரும்பாலான முகாம்களில் 16 ஆம்பியர் நீல பிளக் கிடைக்கும். 9,000 பி.டி.யு. ஏ.சி. ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர்தான் எடுக்கும். சாதாரணக் கம்ப்ரெஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அது பல மடங்கு எகிறும். இப்போது ஒரு கணக்கு: 1.5 சதுர மி.மீ. வயர், 50 மீட்டர் நீளம். ஏ.சி.க்கு 4.5 ஆம்பியர், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்கு 8.7, மொத்தம் 13 சொச்சம். பிரேக்கர் விழாது. ஆனால் வயரிலேயே 16 வோல்ட் தொலைந்துவிடும். விடுமுறைக் கூட்டத்தில் கம்பத்திலேயே 220 வோல்ட்தான் வருகிறது என்றால் காரவனுக்குள் 204. பெயரளவு 230 வோல்ட்டில் பத்து சதவீதம் குறைந்தால் 207. அதற்குக் கீழே கம்ப்ரெஸர் முக்கி முனகி, சூடேறி, நாளடைவில் அதன் மோட்டார் சுருள் கருகும். ஆகவே 2.5 சதுர மி.மீ. ரப்பர் வயர், 25 மீட்டருக்கு மேல் போகாமல். சுருட்டியபடி விட்டால் வயரே சூடாகும் என்பதால் முழுவதையும் பிரித்துப் போடுங்கள். மல்டிமீட்டர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும், ஏ.சி. ஓடும்போதே உள்ளே உள்ள சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜின் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முகாமிலும் அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுகிறதென்றால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. ஈரம் ஏறிய பிளக், தேய்ந்த வயர் என்று காரணத்தைத் தேட வேண்டும்.

லோட்ஷெடிங்குக்காக (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள்: 1,000 வாட் ஏ.சி.க்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 87 ஆம்பியர் இழுக்கப்படும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். ஜெனரேட்டர் என்றால் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே பெட்ரோல் எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்பனில் ஏ.சி.யைக் கிளப்பிய அதே 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் அங்கே திணறும்.

கூரை வகையைப் பொருத்த 400-க்கு 400 மி.மீ. துளைதான் பரவலான அளவு. பழைய காற்றுச் சன்னல் இருந்த இடமே பல நேரம் பொருந்தும். பழைய பசையைச் சுரண்டி, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடையுங்கள். இருவர் சேர்ந்து தூக்கி நேராக இறக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் அடியிலுள்ள ரப்பர் காஸ்கெட் கிழியும். உள்ளிருந்து போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, காஸ்கெட் பாதி அளவுக்கு அமுங்கும் வரை இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் கூரை குழிந்து தண்ணீர் தேங்கும். முதல் நெடும்பயணம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் முதலாவது ஃபில்டர். முகாமில் தினமும் ஓடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். காரவனுக்குள்ளேயே மசாலா தாளித்து கறி சமைத்தால் இரண்டே நாளில் அதில் எண்ணெய்ப் படலம் ஒட்டும். அதன்மேல் தூசி அப்பும். தாளிப்பை வெளியே, காரவனை ஒட்டிக் கட்டும் ரேலி டென்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பூரம், சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். அந்த நேரம் ஏ.சி.யை அணைத்துவிடலாம்.

ஃபில்டர் அடைத்தால் உள்சுருளில் பனி கட்டும், காற்று வருவது நின்றுபோகும். கத்தியால் சுரண்டவே கூடாது. கம்ப்ரெஸரை நிறுத்தி விசிறியை மட்டும் அரைமணி நேரம் ஓட்டினால் உருகிவிடும். பிறகு ஃபில்டரைச் சுத்தம் செய்து, விசிறி வேகத்தைக் கூட்டி, 24 டிகிரியில் வையுங்கள்.

தென்கரையிலிருந்து திரும்பியதும் மின்சாரத்தைத் துண்டித்து, கூரையிலுள்ள கண்டென்ஸரை (சூட்டை வெளிவிடும் சுருள்) நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உப்பு படிந்த அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பொரிந்து, விரல் பட்டாலே உதிரும். அந்த நிலைக்கு வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும், வேண்டாம். மூடியைத் திறந்தால் குளவி கட்டிய மண்கூட்டையும் பல்லியையும் பார்க்கலாம். கம்ப்ரெஸரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரைத் தொடாதீர்கள், மின்சாரம் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும். வெயிலுக்குக் கூரைமேல் ஃப்ளைஷீட் என்ற நிழல்துணி கட்டுகிறவர்கள் ஏ.சி.யைச் சேர்த்து மூடிவிடக் கூடாது. தான் வெளிவிட்ட சூட்டையே அது திரும்ப இழுத்து, தானாகவே நின்றுவிடும்.

உள்ளே சொட்டினால் எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். ஏ.சி. அணைந்திருக்க மழையில் சொட்டினால் காஸ்கெட். மழையில்லாமல் ஏ.சி. ஓடும்போது சொட்டினால் வடிதுளை அடைத்திருக்கிறது, இல்லை காரவன் சாய்ந்து நிற்கிறது.

குளிர் போதவில்லை என்றால் கால் மணி நேரம் ஓடவிட்டு, காற்று உறிஞ்சும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் குறையில்லை. ஈரம் மிகுந்த நாளில் சற்றுக் குறையலாம். ஃபில்டரும் சுருளும் சுத்தமாக இருந்தும் 5 டிகிரிகூட வரவில்லை என்றால் குளிரூட்டும் காஸ் கசிந்திருக்கலாம். "வருடா வருடம் காஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூடிய குழாய்க்குள் சுற்றும் காஸ் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. காஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் அமைப்பில் பதிவு பெற்றவரிடம் கொடுத்து, ஓட்டையை அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். கம்ப்ரெஸர் ரீங்கரித்துவிட்டு நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முயன்றால் வோல்ட் குறைவா என்று முதலில் பாருங்கள்; அது சரியென்றால் கெபாசிட்டர் மாற்றும் வேலை. அணைத்த ஏ.சி.யை மூன்று நிமிடம் கழியாமல் மறுபடி போடாதீர்கள்.

வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும் காரவனில் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஏ.சி.யை ஓட்டுங்கள். கூரையில் உறை போட்டிருந்தால் ஓட்டும் முன் கழற்ற வேண்டும். உறை போடும் முன் விசிறியை மட்டும் ஓட்டி உள்சுருளைக் காயவைத்தால், டிசம்பரில் திறக்கும்போது பூஞ்சை வாடை வராது.