காக்காவை ‘தாத்தா’ என்னும் குழந்தைக்கு ‘க’ வரவழைப்பது எப்படி?

மதில்மேல் உட்கார்ந்த காக்காவைக் காட்டி “தாத்தா!” என்று குழந்தை கத்தினால் வீடே சிரிக்கும். மூன்று வயதுவரை சிரித்துக்கொள்ளலாம். ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதி மேலெழ வேண்டும், சின்னப் பிள்ளைகள் நுனியைத் தூக்கி ‘த’ ஆக்கிவிடுவார்கள். நான்கு வயதிலும் மாறாவிட்டால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, காதையும் பரிசோதித்துவிடுங்கள். ‘நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டால் சரியாகும்’ என்பார்கள். ஒட்டியிருப்பது நுனிப்பக்கம், ‘க’ பிறப்பது பின்பக்கம்.

முதலில் காதைப் பழக்க வேண்டும். காக்கா–தாத்தா, காய்–தாய், கட்டு–தட்டு என்று படங்களை ஜோடியாக வைத்து ஒன்றைச் சொல்லுங்கள். குழந்தை அதைத் தொட வேண்டும். பத்துக்கு எட்டு சரியானால்தான் அடுத்த படி. வித்தியாசமே காதில் விழாத பிள்ளையிடம் “சரியாச் சொல்லு” என்று அதட்டிப் பயனில்லை.

அடுத்தது தனி ஒலி. மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். தண்ணீர் இல்லாமல் கொப்பளிப்பதுபோல் விளையாடுங்கள். அப்படியும் வராவிட்டால், ஸ்பூன் காம்பால் நாக்கு நுனியைக் கீழே லேசாக அழுத்திக்கொண்டு ‘க’ சொல்லச் சொல்லுங்கள். நுனி எழ வழியில்லாததால் பின்நாக்கு வேலை செய்யும். காம்பு உள்ளே போய்க் குமட்டிவிட்டால் மறுநாள் வாயையே திறக்காது, கவனம்.

ஒலி பிடிபட்டதும் அக், ஊக். பிறகு கூ, கோ, கா. கி, கே கடைசியில்தான், அந்த உயிரொலிகள் நாக்கை முன்னுக்கு இழுத்து ‘த’வைத் திரும்பக் கூட்டிவரும். சொற்களில் கல், காசு, நாக்கு, மூக்கு நல்லவை. நகம், பகல் வேண்டாம். நடுவில் ஒற்றையாக வரும் ‘க’ நம் பேச்சில் மெலிந்துவிடும். கத்தி, தக்காளி இன்னும் மோசம்: பக்கத்திலிருக்கும் ‘த’ தொற்றி ‘தத்தி’, ‘தத்தாளி’ ஆகும். அவற்றைப் பல வாரம் தள்ளிப்போடுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். மற்ற நேரத்தில் “தாத்தா பறக்குது” என்றால் திருத்தாமல், “ஆமா, காக்கா பறக்குது” என்று ‘கா’வை அழுத்திச் சொல்லிவிட்டு நகருங்கள்.

தலைகீழாக, தண்ணியைக் ‘கண்ணி’ என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. அது வழக்கமான மழலை அல்ல. நான்கு வயதுவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.