ரோபோட்டிக்ஸ் அணியா? ரிச்சி தெருவுக்கு அப்புறம் போகலாம்

வட சென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டதுதான். எங்கள் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் அணி இருப்பது தெரிந்து போன் செய்கிற ஆசிரியர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த கிட் வாங்கலாம் டீச்சர்?" என்றுதான். கிட், அதாவது ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி, கடைசியில். அது கிடைக்கிற சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி தெருவுக்கு அப்புறம் போகலாம். நேரம், இடம், பிள்ளைகள் இந்த மூன்றும் அமையாமல் வாங்கிய கிட் பீரோவுக்குள் போய்விடும், அங்கிருந்து வெளியே வராது.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுகிறேன். பள்ளிகளில் பிள்ளைகள் செய்துபார்க்கும் கூடம் அமைக்கிற ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள், ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஐந்தாவதோடு முடிகிற நமக்குக் கிடையாது. எனவே தலைமை ஆசிரியரிடம் பணம் கேட்டுப் போகாதீர்கள். பூட்டு போட்ட ஒரு டிரங்குப் பெட்டி, வாரத்தில் இரண்டு மதிய இடைவேளை, இவ்வளவு மட்டும் கேளுங்கள். மறுக்க அவருக்குக் காரணமே இருக்காது. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களில் ஒரு எலெக்ட்ரீஷியனோ மொபைல் சர்வீஸ் கடைக்காரரோ கட்டாயம் இருப்பார். சால்ட்ரிங் வேலைக்கு அவர்தான் உங்கள் ஆள். மோட்டார் கால்களில் ஒயர் பற்றவைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது.

ஏன் மதிய இடைவேளை? பள்ளி விட்டதும் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய பெண் பிள்ளைகள் நிறைய. மாலையில் வைத்தால் அணி முழுக்கப் பையன்களாகிவிடும். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ரேங்க் பட்டியலை எடுக்காதீர்கள். எங்கள் அணியில் ஒரு பெண், வீட்டில் அம்மாவோடு பூ கட்டுகிறவள். ஒயர் முனையைச் சீவி, பிசிறு இல்லாமல் முறுக்கி, கனெக்டர் ஓட்டைக்குள் விட்டு, ஸ்க்ரூவை இறுக்கி, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிடுவாள். அவள் போட்ட இணைப்பு கழன்றதே இல்லை. நானே அவளிடம்தான் கொடுக்கிறேன். இன்னொன்று, நான்காவதிலிருந்து பாதிப் பேரை எடுங்கள். ஐந்தாவது பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகும்போது கற்றதும் கூடவே போய்விடும், அடுத்த ஜூனில் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்று பேருக்கு ஒரு சின்ன மோட்டார் வண்டி. ஒருவர் மெக்கானிக், ஒருவர் ஓட்டுநர், ஒருவர் கணக்கு. பெட்டியிலிருந்து எத்தனை ஸ்க்ரூ போனது, எத்தனை திரும்பியது என்று நோட்டில் எழுதுவது கணக்கின் வேலை. வாரா வாரம் வேலையை மாற்றுங்கள், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். விட்டால் "மிஸ், அவ கையெழுத்து நல்லா இருக்கும்" என்று நோட்டைப் பெண் பிள்ளையிடம் தள்ளிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையன்களே வைத்துக்கொள்வார்கள்.

இப்போது ரிச்சி தெருவுக்குப் போகலாம். முதல் வண்டிக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், எலெக்ட்ரானிக் போர்டும் வேண்டாம். மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் (பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்) இரண்டு, அதற்குச் சக்கரம் இரண்டு, முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் சின்ன உருளையான காஸ்டர் ஒன்று, நான்கு பென்சில் செல் போடும் பெட்டி, மோட்டாரை இரு பக்கமும் சுற்றவைக்கும் டி.பி.டி.டி. சுவிட்ச் இரண்டு, பல வண்ண ஒயர் கொஞ்சம். 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அடித்தட்டுக்கு சன்போர்டு என்கிற நுரை அட்டைத் துண்டோ பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியோ போதும். கடைக்காரர் சதுரமான 9 வோல்ட் பேட்டரியை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வோல்டேஜ் இருக்கும், மோட்டார் இழுக்கிற அளவுக்குக் கரண்ட் கொடுக்காது. லித்தியம் செல்லும் இந்த வயதுக்கு வேண்டாம், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பள்ளிப் பெயரில் பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது ஒயர் ரிமோட் வண்டி. டி.பி.டி.டி. சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் மோட்டார் முன்னால் சுற்றும், மறுபக்கம் தள்ளினால் பின்னால் சுற்றும். ஒரு சக்கரத்துக்கு ஒரு சுவிட்ச். முதல் ஓட்டத்தில் அநேகமாக எல்லா வண்டியும் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு மோட்டாரும் எதிரெதிர் பக்கம் பார்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால் ஒன்று முன்னால் போகும்போது மற்றது பின்னால் போகும். பிள்ளைகள் வண்டியைத் தூக்கிக் கவிழ்த்து, சக்கரங்களைப் பார்த்து, சண்டை போட்டு, கடைசியில் யாராவது ஒருத்தர் ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுவார்கள். வண்டி நேராக ஓடும். மின்சாரம் எந்தத் திசையில் பாய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மோட்டார் சுற்றும் என்பதை அதன் பிறகு கரும்பலகையில் எழுதிப் போடத் தேவையே இல்லை. இந்த வண்டிகளை வைத்துப் பிங்பாங் பந்தில் கால்பந்து ஆடவிடுங்கள். முதல் பருவம் அதிலேயே ஓடிவிடும், ஓடட்டும்.

"இதெல்லாம் ஒரு ரோபோவா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கு நான் ஆப்பிரிக்காவைக் காட்டுவேன். கானாவின் அஷேசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயோர்கோர் கோர்சாவும் கலிஃபோர்னியாவின் கென் கோல்ட்பெர்க்கும் தொடங்கிய ஆப்பிரிக்க ரோபோட்டிக்ஸ் நெட்வொர்க், 2012-இல் ஒரு போட்டி அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக 10 டாலர் அளவில் ஒரு ரோபோ வடிவமைக்க வேண்டும். அதில் பரிசு வென்றவர்களில் ஒருவர் தாய்லாந்தில் இருந்த டாம் டில்லி. வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்தார். கையில் அதிர்வு தருவதற்காக உள்ளே இருக்கும் இரண்டு மோட்டார்களையே வண்டி ஓட்ட வைத்தார். கட்டைவிரலால் ஆட்டும் குச்சிகள்மேல் லாலிபாப்பைப் பொருத்தினார். வண்டி சுவரில் மோதினால் லாலிபாப் எடையில் குச்சி சாயும், மோதிய விஷயம் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். மொத்தச் செலவு 9 டாலருக்கும் கீழே. இதைச் சொன்னதிலிருந்து எங்கள் பிள்ளைகள் காயலான் கடையைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். பெற்றோர் என்னைத் திட்டுகிறார்கள், பரவாயில்லை.

இரண்டாம் பருவத்தில், தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டின் மேலேயே தானாக ஓடும் வண்டி. புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டான ஆர்டுயினோ யூனோ ஒன்று, அது சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் ஒன்று, அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கறுப்பு வெள்ளையைக் கண்டுபிடிக்கும் ஐ.ஆர். சென்சார் இரண்டு. யூனோவின் கால்களில் (ஒயர் மாட்டும் பின்களில்) மோட்டாரை நேரடியாக மாட்டவே கூடாது. ஒரு கால் 40 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது, மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நடுவில் டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் செல் கொடுக்கிற வோல்டேஜில் 2 வோல்ட் வரை தானே விழுங்கிவிடும் என்பதால் நான்கு செல்லுக்குப் பதில் ஆறு போடுங்கள். புரோகிராமுக்கு எம்பிளாக் என்கிற மென்பொருள் போதும், கட்டைகளை இழுத்து அடுக்கினால் யூனோவுக்குப் போய்விடும். பள்ளியில் இருக்கும் பழைய லேப்டாப்பே தாங்கும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு பிள்ளையைக் கண்ணைக் கட்டி நிறுத்துங்கள். அந்தக் கோட்டைக் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவர் இரண்டு பக்கமும் சென்சார் மாதிரி நின்று, கோடு தங்கள் பக்கம் வரும்போது "இடது கறுப்பு", "வலது கறுப்பு" என்று மட்டும்தான் சொல்லலாம். இடது கறுப்பு என்றால் இடப்பக்கம் திரும்பு, வலது என்றால் வலப்பக்கம், சத்தமே இல்லையென்றால் நேராக நட. பிள்ளை கோட்டிலேயே கடைசிவரை போய்விட்டால் புரோகிராம் முடிந்த மாதிரிதான்.

ஓடுதளத்துக்கு பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம் அருமையானது, நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். மொசைக் தரையில் நேரடியாக ஒட்டாதீர்கள், தரையில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளையெல்லாம் சென்சார் கோடு என்று நினைத்துக்கொள்ளும். ஜன்னல் வெயிலும் ஆகாது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது, சென்சார் குழம்பிவிடும். காலையில் சரியாக ஓடிய வண்டி மதியம் தறிகெட்டு ஓடினால் புரோகிராமை நோண்டாமல் ஜன்னலைச் சாத்துங்கள். சென்சார்மேல் நீல நிறக் கட்டை ஒன்றில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். வெள்ளையில் விளக்கு எரிந்து கறுப்பில் அணையும்வரை அதைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். சென்சாரே வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம் வந்தால் செல்போன் கேமராவை, முக்கியமாக முன்பக்கக் கேமராவை, அதன்முன் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதாவாகத் தெரியும். பிள்ளைகள் அன்று முழுக்க வீட்டு டிவி ரிமோட்டையும் இப்படிச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

வெளிப் போட்டிக்கு முதல் ஆண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு போவதென்றால் உலக ரோபோ ஒலிம்பியாடில் 8 முதல் 12 வயதுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கட்டணமும் பயணச் செலவும் உண்டு, எல்லாவற்றையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். அதைவிட ஆண்டு விழா அன்று மைதானத்தில் பெற்றோர் கையில் சுவிட்சைக் கொடுத்து பிள்ளைகளுக்கு எதிராகக் கால்பந்து ஆடவிடுவது எனக்குப் பிடிக்கும். "இதுக்கு மார்க் உண்டா மிஸ்?" என்று கேட்ட அப்பாக்கள்தான் அன்று சுவிட்சைத் திருப்பித் தர மாட்டார்கள்.

விடுமுறைக்கு முன் எல்லாப் பெட்டியிலிருந்தும் செல்களைக் கழற்றிவிடுங்கள். விட்டால் மே மாதச் சூட்டில் ஒழுகி ஸ்பிரிங்கில் பச்சை பூத்துவிடும், ஜூனில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். கணக்கு நோட்டும் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், சாவி ஒன்று தலைமை ஆசிரியரிடம்.